மகள் டொக்டருக்குப் படிக்கிறாள்

முதலாம் வருடம் முடிய மருத்துவத்துக்கு மாறலாம் என்ற நம்பிக்கையில்தான் பயோமெடிக்கல் சயன்ஸில் சேர்ந்தேன். ஐந்து பேரைத்தான் மாற்றினார்கள். அதில் நான் இல்லை. அதற்குள் அம்மா ஹரோவில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சனம் முழுக்க, "மகள் டொக்டருக்குப் படிக்கிறாள்" என்று சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை.

ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்கு மண்டபத்தில் வைத்த சாமத்திய வீட்டில், சாப்பாட்டுக்கு முன், தெரிந்த மாமா ஒருவர் நாக்குக் குழறிச் சரிந்தார்.

அவர் மனைவி, மாமி, என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நீ பார். அம்புலன்ஸுக்கு அடிக்கட்டோ?"

மண்டபமே என்னைப் பார்த்தது. எனக்கு இடம் கிடைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாடி பிடிப்பதுபோல் நடித்தேன்.

"பசி மயக்கம், மாமி. கொஞ்சம் படுக்கட்டும்."

என்னை நம்பி அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அது பக்கவாதம். மாமாவுக்குப் பேச்சு திரும்பவேயில்லை.

"நீ நிண்டபடியால்தான் பிள்ளை, உயிராவது மிஞ்சினது," என்று காணும்போதெல்லாம் மாமி சொல்கிறார்.

இப்போதும் நான் மறுப்பதில்லை.