சென்னகிருஷ்ணன் தேர்ந்தெடுத்த ஆள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சோமனூரில் இன்றைக்கு என் பெயரில் மூன்று தறிக்கூடம் ஓடுகிறது என்றால் அதற்கு எந்தப் புத்தகமும் காரணமில்லை. என் காதுதான் காரணம். அத்தனை விசைத்தறியும் ஒன்றாக அடிக்கிற இரைச்சலில், வெளியே நின்றபடியே எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சொல்லிவிடுவேன். இந்த வட்டாரத்தில் அப்படிச் சொல்கிறவன் நான் ஒருவன்தான். சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பார்க்கலாம்.

சரி, எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல. என் மதிலை ஒட்டிக் கூலிக்குத் தறி ஓட்டும் சென்னகிருஷ்ணனைப் பற்றி. வீட்டில் தெலுங்கு பேசுகிற நாயுடு குடும்பம். மனைவி அம்புஜம், ஒரே மகள் நவ்யா. அதிர்ந்து பேச வராத மனிதர். ஜவுளி வியாபாரி என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். கொரோனாவுக்குப் பிறகு அவருடைய தறிகளில் பாதி நின்றுபோனது. அப்போது கோயம்புத்தூர் போய், ஜெயிப்பது எப்படி, தொழிலில் உயர்வது எப்படி என்று ஒரு பை நிறையப் புத்தகம் வாங்கி வந்தார்.

“ஏந்தம்பி, பொஸ்தகம் படிச்சா தறி ஓடிருமா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டார்.

தறி நடுவே நின்றுகொண்டு வாய்விட்டுப் படிப்பார். இரைச்சலில் யாருக்கும் கேட்காது. தறிக்காரர்கள் நாங்கள் சத்தத்துக்குள் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் என்பதால், அவர் உதடு அசைவதை வைத்து என்ன படிக்கிறார் என்று எனக்குப் புரியும். ஜெயித்த ஒருவனைத் தேர்ந்தெடு, அவன் நடக்கிறபடி நட, அவன் நினைக்கிறதை நினை என்று ஒரு புத்தகம் சொல்லியிருந்தது. சில நாள் கழித்து அவரே என்னிடம் வந்து, “உங்களத்தானுங்ணா எடுத்திருக்கறேன்” என்றார்.

எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வேறு யாரை எடுப்பார்? காலையில் முதலில் என்ன செய்வீர்கள், எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள், வியாபாரி முன்னால் கையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் சொன்னேன். பலன் இல்லாமல் போகவில்லை. வியாபாரிகளிடம் நிமிர்ந்து நின்றார். நின்ற தறிகள் ஓடின. என்னால்தான் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையும் அதுதான்.

நான் இடதுகைக்காரன். அவர் இடதுகையால் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பேசுமுன் நான் இரண்டு தரம் செருமுவேன், அவரும் செருமினார். ஒருநாள் மதிலுக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, என் கூடத்தில் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று என் ஆளுக்குச் சைகை காட்டினார். போய்ப் பார்த்தால் அறுந்திருந்தது. அந்தக் காது புத்தகம் படித்து வருகிற காது அல்ல.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. எல்லாத் தறியும் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதியில் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது. என் குரல். என் அப்பன் செத்த அன்று கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்து நான் நினைத்ததை, தானே நினைத்ததுபோல ‘நான் நினைத்தேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி பழனியாத்தாள் மதிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “ஏனுங்க, நீங்க இங்கதானே இருக்கறீங்க?” என்றாள்.

நவ்யாவுக்கு ஈரோட்டில் மாப்பிள்ளை அமைந்தது அப்போதுதான். மஞ்சள் வியாபாரி சுந்தரராஜுலுவின் மகன் சசிதர். பெண்ணுக்குப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு முன்னால் அம்புஜம் என்னைத் தேடி வந்தாள். அவர் இப்போது வீட்டில் தெலுங்கே பேசுவதில்லை, தான் பேசினாலும் புரியாதவர் போலப் பார்க்கிறார் என்றாள். அவர்கள் வழக்கப்படி, தாம்பூலத் தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பா தன் வம்சத்துக்குரிய வீட்டுப் பெயரைச் சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தட்டை வாங்குவார்கள்.

“நேத்து அவருகிட்ட ஊட்டுப்பேரு என்னன்னு கேட்டேனுங்ணா. பயிரன் கூட்டம்ங்கறாரு. அது உங்க கூட்டமில்லீங்ளா?”

என் கூட்டம்தான், எங்கள் குலத்தின் பெயர். அதை அவர் சபையில் சொன்னால் ஈரோட்டுக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்னை விட்டுவிடு என்றேன். நான் சொல்லும்போதே அவர் வாயும் அதையே சொன்னது. பின்னால் அல்ல, கூடவே. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது: நான் எதுவாக இருக்கிறேனோ அதுதான் இவர். படித்தவன் யாருக்கும் இது தோன்றியிருக்காது. அம்புஜத்திடம் போய் அவர்கள் வீட்டுப் பெயரையும் மாமனார் பெயரையும் கேட்டு, தெலுங்கு உச்சரிப்போடு பழகினேன்.

நிச்சயத்தன்று சென்னகிருஷ்ணனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். சுந்தரராஜுலு தட்டை வாங்கக் கை நீட்டி, வீட்டுப் பெயர் என்ன என்று தெலுங்கில் கேட்டார். சென்னகிருஷ்ணன் இரண்டு தரம் செருமினார். அம்புஜத்தின் விரல்கள் தட்டின் விளிம்பில் வெளுத்துப்போயின. நான் தோளைத் தளர்த்தினேன். அவர் முன்பெல்லாம் உட்காருவதுபோலக் கூனி உட்கார்ந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். அவர் கண் என் உதட்டில் வந்து நின்றது.

“நல்லூரி,” என்றார். “நல்லூரி ரங்கசாமி மகன் சென்னகிருஷ்ணன்.”

அவருடைய பழைய குரல். தட்டு கை மாறியது. அவர் மகளைப் பார்த்துத் தெலுங்கில் என்னவோ சொல்ல, அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. எல்லாம் முடிந்ததென்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடனே எதிரில் அந்தச் செருமல். மறுபடி கூனிக்கொண்டேன். விருந்து முடிந்து ஈரோட்டுக் கார்கள் கிளம்பும் வரை நான் நிமிரவில்லை.

“கல்யாணம் முடியற வரைக்குமாவதுங்ணா,” என்றாள் அம்புஜம். வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறியவன் இல்லை நான். தினமும் காலையில் அவர் எதிரே போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சென்னகிருஷ்ணனாக இருந்துவிட்டு வருகிறேன். அன்றைக்கு முழுக்க அவர் அவராக இருக்கிறார். மகளோடு ஈரோடு போய்ப் பட்டுப்புடவை எடுத்து வந்தார். இந்த வேலையை என் அளவுக்குச் செய்ய இங்கே வேறு ஆள் கிடையாது.

நேற்று வீட்டுக்குத் திரும்பியதும், சாப்பிட்டாச்சா என்று பழனியாத்தாள் உள்ளேயிருந்து கேட்டாள். அங்கே என்ன சாப்பிட்டேன், அம்புஜம் என்ன சொன்னாள், முகூர்த்தப் பந்தலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று விலாவாரியாகப் பதில் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றாள். அதைத் தாண்டி என் பக்கம் வரவில்லை.

“எனக்குத் தெலுங்கு தெரியாதுங்களே,” என்றாள்.