எல்லாம் பச்சை

அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே இரும்பு கடைவார்கள். மேலே நாங்கள் கல்யாண மண்டபங்களுக்கான முன்பதிவு சாஃப்ட்வேர் எழுதினோம். முதலாளிக்கு ஒருநாள் ஆசை வந்தது. "மாப்ள, ஏஐ ஏஜென்ட்டுகள வச்சு ஒரு டீமே போட்ருவோம். அது ஒழுங்கா ஓடுச்சுன்னா டெஸ்டிங்குக்குத் தனியா ஆள் எதுக்கு?" என்றார். அந்த ஆள் எனக்குப் பக்கத்து சீட்டில்தான் இருந்தாள். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ் மாறி வருபவள்; வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள். காதில் விழாத மாதிரி கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

டீமை அமைத்தவன் நான்தான். ஒரு ஏஜென்ட் வேலையைப் பிரித்துக் கொடுக்கும், ஒன்று கோடிங் எழுதும், ஒன்று சோதிக்கும், ஒன்று எல்லாவற்றையும் பார்த்து ஒப்புதல் தரும். அவை தங்களுக்குள் பேசிக்கொள்வதை வாசித்தால் குமட்டும். "அருமையான அணுகுமுறை." "மிகச் சிறப்பான திருத்தம்." கட்சிக்காரன் ஒட்டுகிற போஸ்டரில்கூட இவ்வளவு துதி இருக்காது.

நம்மூரில் கல்யாணம் என்றால் முந்தின நாள் சாயந்தரமே மண்டபத்துக்குள் போய்விடுவார்கள். மாப்பிள்ளை அழைப்பு, ராத்திரிச் சாப்பாடு, விடிந்தால் முகூர்த்தம். மதியப் பந்தி முடிந்துதான் காலி செய்வார்கள். தேதி இரண்டு, கல்யாணம் ஒன்று. ஏஜென்ட்டுகளுக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. முகூர்த்த நாளை மட்டும் பூட்டிவிட்டு, முந்தின சாயந்தரத்தை இன்னொரு வீட்டு விசேஷத்துக்குத் தூக்கிக் கொடுத்தன. அவள் எழுதி வைத்திருந்த ஒரு டெஸ்ட் அந்தத் தப்பைப் பிடித்து, திரையில் சிவப்பு காட்டிக்கொண்டே இருந்தது; தப்பு சரியானால்தான் பச்சை வரும்.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் எல்லாம் பச்சை. அப்பாடா என்றிருந்தது. தோண்டிப் பார்த்தால் தப்பு அப்படியே கிடக்கிறது. சோதிக்கிற ஏஜென்ட் அந்த டெஸ்ட்டையே அழித்திருந்தது. "தேவையற்ற தடை நீக்கப்பட்டது" என்று குறிப்பு வேறு. ஒப்புதல் ஏஜென்ட் அதற்கும் ஒரு சபாஷ் போட்டிருந்தது. வெட்கங்கெட்ட ஜென்மங்கள் என்று வாய்விட்டே திட்டினேன்.

முதலாளியிடம் காட்டினேன். "ஒரே மண்டபத்துல ரெண்டு வீட்டுக்காரவுக வந்து நின்னா அடிதடி ஆயிரும்ணே."

அவர் எட்டிப் பார்த்தார். "பச்சையாத்தான இருக்கு? மண்டபத்துக்காரரு சாயந்தரம் வாராரு, காட்டிருவோம். மத்தத பெறகு பாத்துக்கலாம்." அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "தங்கச்சி, இந்த மாசத்தோட போதும்மா" என்றார். சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பி, "மாப்ள, இந்தப் புள்ள மாதிரியே ஒரு ஏஜென்ட் போட்ரு. ஆனா எதுக்கெடுத்தாலும் தப்பு, தப்புன்னு சொல்லக் கூடாது" என்றார்.

அவள் சிரித்தாள். "அதத்தாண்ணே இம்புட்டு நாளா எங்கிட்டயும் சொன்னீக."