புளி போட்டுத் தேய்த்த சிலிண்டர்

கல்யாணமாகி நான் திருவனந்தபுரம் கரமனைக்கு வந்த புதிதில், என் புக்ககத்தில் ஒருவர் தும்மினால் நாலு பேர் 'தீர்க்காயுசு' என்பார்கள். ஐந்தாவது வாழ்த்து பக்கத்து வீட்டிலிருந்து வரும். அக்ரஹாரத்து வீடுகளுக்குப் பொதுச்சுவர். மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார்கள், நாங்கள் இருவர். எங்கள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் மாமனார் தூங்காமல் இருமிக்கொண்டிருப்பார். புருஷனிடம் "காப்பி ஆறிப்போறது" என்பதற்கு மேல் ஒன்றும் பேச முடியாது. பேசினால் மறுநாள் குழாயடியில் அதற்குப் பொழிப்புரை நடக்கும்.

ஆகவே நாங்கள் மனம் விட்டுப் பேசிய ஒரே இடம் அவருடைய மோட்டார் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்குமுகம் போவோம். கடற்கரையில் இறங்கினால் பாதித் தெரு அங்கே கடலை கொறித்துக்கொண்டிருக்கும், அதனால் பேச்சு எல்லாம் வண்டி மேலேயே. போகும்போது ஒரு சண்டை, திரும்பும்போது சமாதானம். அந்த வண்டிச் சத்தத்தில் கத்திப் பேசுவதுதான் எனக்கு வாரத்தின் சுகம்.

அந்த வண்டி புகைய ஆரம்பித்தது. கொஞ்சநஞ்சப் புகை இல்லை. தெருவில் வடாம் காயவைத்திருந்த மாமிகள் எங்களைக் கண்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வடாம் பொரித்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று ஒரு மாமி என் மாமியாரிடம் பிராது கொடுத்தாள். மாமியாருக்கு வண்டி என்றாலே ஆகாது. "இந்தத் தடவை செரியானா ஆச்சு. இல்லேன்னா சாலைக் கடைத்தெருவுல பழைய இரும்புக்குப் போட்டுடு, கேட்டியா?" என்று மகனிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வண்டி போனால் நான் யாரோடு பேசுவது?

என் கணவர் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. ஆனால் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டால் பெரிய டாக்டர் என்று நினைப்பு. பின்கட்டில் எஞ்சினைத் தானே பிரித்துப் போட்டார். சிலிண்டரின் உட்புறம் தேய்ந்து வட்டம் கெட்டுவிட்டதாம். லேத் பட்டறையில் கொடுத்து, மறுபடி வட்டமாகக் கடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனைப் போட வேண்டும். அதற்குத்தான் போரிங் என்று பெயர். வெளியே போக ஒரு சாக்கு என்று நானும் கூடப் போனேன்.

பட்டறை சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. மேஸ்திரி நாகர்கோவில்காரர். அடக்கம் என்பது அவர் கேள்விப்படாத சரக்கு. கடைந்து முடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிலிண்டருக்குள் பார்த்தார்.

"கண்ணாடி கணக்கா இருக்கு சார். இந்த ஜில்லால இப்பிடிக் கடைய வேற ஆள் உண்டா? ஆனா ஒண்ணு, இதுக்கு இதுதான் கடைசி போரிங் கேட்டேளா. இனி இதைவிடப் பெரிய பிஸ்டனும் கெடையாது, கடையறதுக்கு இரும்பும் கெடையாது."

உள்ளே தாராளமாக எண்ணெய் பூசி, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் கணவர் ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் வந்து எஞ்சினில் பூட்டுவதாக ஏற்பாடு. நான் கறிகாய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மாமியார் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். எதிரே புளி, சாம்பல், தேங்காய் நார். வெயிலில் சிலிண்டர் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது.

"பாத்தியாடி? இந்தக் கிரீசெல்லாம் மாட்டுக் கொழுப்பாக்கும். அதைப் பேப்பர்ல சுத்தி நம்மாத்துக்குள்ள கொண்டு வச்சிருக்கான் அசத்து! நன்னா தேய்ச்சு அலம்பிட்டேன். உள்ள கை போகலை, ஆனாலும் விட்டேனா?"

அவர் முகத்தில் அத்தனை பெருமை. எனக்கும் எஞ்சின் சாஸ்திரம் தெரியாது. பளபளப்பில் நானும் மயங்கிப்போனேன்.

திருவனந்தபுரத்துக் காற்றில் எப்போதும் உப்பும் ஈரமும் உண்டு. சாயங்காலம் கணவர் வந்து பார்த்தபோது, சிலிண்டருக்குள் மஞ்சள் அரைத்துப் பூசியது போலத் துரு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவைத் திட்டவும் முடியவில்லை. என்னிடம் சொல்லி அழவும் முடியவில்லை. அதற்கும் வண்டி வேண்டுமே.

அடுத்த நாள் அவர் லீவு போட்டார். விஷயம் தெரிந்த மாமியார் பரிகாரமாக ஒரு மடி வேஷ்டியில் சிலிண்டரைப் பொதிந்து கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மலையாளத்து அம்மாள் பயபக்தியோடு, "விக்ரஹமாணோ?" என்றாள். என் கணவர் கூசாமல் "அதே" என்று ஆமாம் போட்டார். அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பிரார்த்தனையும் சேரட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

மேஸ்திரி பொதியைப் பிரித்ததும் அலறினார். "என்ன சார், இதுல மீன்குழம்பு வச்சேளா?"

நடந்ததைக் கேட்டுச் சிரித்து முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. பிறகு எண்ணெய் விட்டு, தேய்ப்புக் கல்லை உள்ளே செலுத்தி, துருவை மட்டும் மெல்ல மெல்ல வழித்தார். கடைசியில் பரீட்சை.

"பிஸ்டனை ரிங் இல்லாம மேல வைப்பேன். தன் கனத்துல மெல்ல எறங்கினா தப்பிச்சோம். பொத்துனு விழுந்தா ஓட்டை பெருசாயிட்டுன்னு அர்த்தம், எடைக்குப் போட வேண்டியதுதான்."

வைத்துக் கையை எடுத்தார். அது நகரவே இல்லை. பிறகு, அவசரம் என்பதே அறியாதது போல, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பட்டறை என்றும் பாராமல் நான் கைதட்டிவிட்டேன். மேஸ்திரி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவரே எங்கள் தலையில் கல்லைப் போட்டார். "புது பிஸ்டன் படியணும். ரெண்டு மாசம் மெதுவாத்தான் ஓட்டணும். பின்னால ஆளே ஏத்தப்பிடாது, பாத்துக்கிடுங்க."

வண்டி பிழைத்தது. புகை போயிற்று, வடாம் தெருவுக்குத் திரும்பியது. என் கணவர் தன்னந்தனியாக ஊர்வலம் போல வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். நான் வாசலில் நிற்பேன்.

"வண்டிதான் செரியாயிடுத்தே, பின்னே ஏண்டி மொகத்தைத் தூக்கி வச்சிண்டிருக்கே?" என்றார் மாமியார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அதுலதாம்மா நாங்க பேசிண்டிருந்தோம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமியார் மாமனாரையும் பெண்களையும் கிளப்பிக்கொண்டு கோட்டைக்குள் இருக்கும் பெரிய கோவிலுக்குப் புறப்பட்டார். போகிற வழியில் பக்கத்து வீட்டாரையும் விடாமல் கூட்டிக்கொண்டார். "தீபாராதனை பாத்துட்டுத்தான் வருவோம்" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்தில் நானும் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் பிஸ்டனைப் பற்றித்தான் ஆரம்பித்தார், வண்டியில் கத்துகிற அதே குரலில். பிறகு தானே வெட்கப்பட்டுக் குரலைத் தணித்தார். பேசும்போது அவருக்கு இடது புருவம் மட்டும் மேலே ஏறியது. வார்த்தை கிடைக்காவிட்டால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு இது எதுவுமே தெரியாது. அதுவரை நான் பேசியதெல்லாம் அவருடைய முதுகோடுதான்.