நொண்டிக் குருவியின் பின்னால்

என் கொழுந்தன் கல்குவாரியில் பொக்லைன் ஓட்டுகிறவன். யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவான். ஒருநாள் அவன் இயந்திரத்துக்கு முன்னால் ஓர் ஆள்காட்டிக் குருவி, ஒடிந்ததுபோல் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு கத்தியது. பாவம் பார்த்து இறங்கினான். அவன் நெருங்க நெருங்க அது நொண்டிக்கொண்டே விலகியது. வேலிவரை போனதும் ஜம்மென்று பறந்துவிட்டது.

முட்டைகளிடமிருந்து ஆளை விலக்க அந்தத் தாய் போட்ட நாடகம் அது. அசடு வழியத் திரும்பினான். அந்த நொடியில் பாறை சரிந்து அவன் உட்கார்ந்திருந்த இருக்கையை நசுக்கியது. யானை அளவுப் பாறை. நான் சொல்லும்போது இரண்டு யானை. சற்றுத் தள்ளிச் சரளைக்கல்லுக்குள் கிடந்த முட்டைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகு தினமும் குருவி நொண்டியது. இவனும் தினமும் ஏமாந்தவன்போலப் பின்னாலேயே போனான்.

"நான் கூப்பிட்டா அசைய மாட்டீங்க, குருவி கூப்பிட்டா ஓடுறீங்களாமே!" என்றாள் அவன் மனைவி.

"அது ஏமாத்தலேன்னா, நீ திட்ட நான் இருந்திருப்பேனா?"

ஊரறிந்த வாயாடி அவள். மறுநாள் குவாரிக்கு வந்தாள். குருவி நொண்டியதும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலிவரை தானும் ஏமாந்து நடந்தாள்.