மேல்படிக்குச் சுண்டுவிரல்

திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்து முன்சுவரில் மலைப்படிகளை வரைந்துகொண்டிருந்தேன். கீழ்ப்படியை அகலமாகப் போட்டு, மேலே போகப் போகக் குறுக்கி, நிறத்தையும் வெளிறவிட்டிருந்தேன். தட்டைச் சுவர் மலையாக எழும்ப வேறு வழி கிடையாது.

மண்டபத்துக்காரர் பார்த்ததும் முகம் சுளித்தார். "இன்னாம்மா, படி சின்னதாகிகினே போவுது? மலையில எல்லாம் ஒரே அளவுதான? அழிச்சிட்டு சமமா போடு."

"சமமா போட்டா ஏணி மாதிரி நிக்குங்க. அழிக்க மாட்டேன்."

"அப்போ வேற ஆளை வச்சிப் போட்டுக்கிறேன்."

"போட்டுக்கோங்க. என் கையால அழிக்க மாட்டேன்."

அம்மையார்குப்பத்திலிருந்து வந்து அந்த மண்டபத்தில் தங்கியிருந்த ஓர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டார் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்தபடி மலையேறப் போயிருந்தார்கள். மூட்டுவலியால் அவர் மட்டும் போகவில்லை. எழுந்து சுவரருகே வந்தார்.

"பெயிண்டு காஞ்சிடுச்சாம்மா?"

"ஆங், காஞ்சிடுச்சிங்க."

மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, மஞ்சளைத் தொட்டு, கீழ்ப்படியில் கட்டைவிரலால் பெரிதாகப் பொட்டு வைத்தார். படிப்படியாகக் கை ஏறியது. நடுவில் மோதிர விரலுக்கு மாறினார். உச்சிப் படிக்குச் சுண்டுவிரல் நுனியால் ஒரு புள்ளி வைத்தார். மேலே போகப் போகச் சிறிதாக வைக்கும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு அண்ணாந்து கும்பிட்டார்.

மண்டபத்துக்காரர் சுவரருகே வந்து பார்த்தார். "சரி, படி இருக்கட்டும். அந்த மஞ்சளையாவது தொடச்சிடு" என்றார்.

அதற்கும் மாட்டேன் என்றேன். அதுவரை என் வேலையைக் கண்கட்டு வித்தை என்றே நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சுவரில் ஒருவர் மலையேறி முடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அவர் வைத்துவிட்டுப் போன மஞ்சளை நானா துடைப்பேன்?