சயாகோ வீட்டுக் கடல்

10-6-1996 — ரூ. 1,100
4-11-1996 — 80 கோடி யென்
17-3-1997 — ரூ. 1,400
22-8-1997 — 1,200 கோடி யென்
9-2-1998 — ரூ. 1,650
30-6-1998 — 1 லட்சம் கோடி யென்
9-12-1998 — ரூ. 37

ரூபாய்த் தொகைகள் ரோஸ்லினுடையவை; முதல் மூன்றும் அவளது மாதச் சம்பளம். யென் தொகைகள் சயாகோ என்ற பெண் செலவழித்தவை. சயாகோ ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றில் மட்டும் வாழ்ந்தவள். இருவரையும் ஒரே நோட்டில் எழுதியதற்குக் காரணம், இருவர் செய்தியும் எனக்கு ஒரே தொலைபேசியில் வந்ததுதான்.

1996இல் குத்தாலத்தில் எங்கள் தெருவில் தொலைபேசி உள்ள வீடுகள் மூன்று. ஒன்று என்னுடையது. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து, பிர்கா சர்வேயராக ஓய்வு பெற்றவன் நான். பக்கத்து வீட்டு ஜேசுராஜ் குடும்பத்துக்கு என் எண்தான் பி.பி. நம்பர். மஸ்கட்டிலிருந்து ஜேசுராஜ் கூப்பிட்டாலும், சென்னையிலிருந்து அவர் மகள் ரோஸ்லின் கூப்பிட்டாலும், சுவரோரம் நின்று விண்ணரசியைக் கூப்பிடுவேன். விண்ணரசி ஜேசுராஜின் மனைவி. கையைத் துடைத்துக்கொண்டு அவர் வந்து சேர ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடங்களில் ரோஸ்லின் என்னிடம் சொன்னவைதான் நோட்டில் பெரும்பகுதி.

ரோஸ்லின் பிறந்தது 19-8-1974. தகப்பனார் அரிசி ஆலையில் டிராக்டர் ஓட்டியவர். 1991இல் தண்ணீர் லாரி ஓட்ட மஸ்கட் போனார். ரோஸ்லின் 1993இல் ஓவியத்தில் ஹையர் கிரேடு தேறினாள். லுத்தரன் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மூன்று வருடம் திரை எழுதியது அவள்தான். அந்தத் திரையில் பெத்லகேமுக்குப் பின்னால் கதிர் முற்றிய வயல் இருக்கும். கோயில் போதகரான சபை ஐயர் ஒரு தடவை, "பாலஸ்தீனத்துல சம்பா கிடையாதும்மா" என்று சொல்லிப் பார்த்தார். மறு வருடமும் வயல் இருந்தது.

தூரிகை பிடிக்கத் தெரிந்த பெண்கள் தேவை என்று செய்தித்தாளில் வந்த நான்கு வரி விளம்பரத்தைப் பார்த்து, 10-6-1996 திங்கட்கிழமை அவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். வடபழனியில் மூன்றாவது மாடியில் ஒரு கூடம். முப்பத்தெட்டுப் பெண்கள். டோக்கியோவில் ஒரு நிறுவனம் ஒப்பந்தம் கொடுத்திருந்தது. கோடு போட்ட கண்ணாடித்தாள்கள் கட்டுக் கட்டாக வரும். அவற்றின் பின்பக்கம் வண்ணம் தீட்ட வேண்டும். முதல் ஐந்து மாதம் ரோஸ்லின் தீட்டியது சயாகோவின் செருப்புகளை மட்டும். சயாகோ ஒரு முறை போட்ட செருப்பை மறுமுறை போடமாட்டாள் என்பதால், ஒவ்வொரு கதைக்கும் புது வண்ணம் கலக்க வேண்டியிருந்தது.

80 கோடி யென் என்பது, ராட்டினத்தில் ஏற வரிசையில் நிற்கப் பிடிக்காமல் பொருட்காட்சியையே சயாகோ விலைக்கு வாங்கிய கணக்கு. 1,200 கோடிக்குப் பள்ளிக்கூடத்தை வாங்கினாள். அவள் பெஞ்சுக்குக் காற்று வரவில்லை. 1 லட்சம் கோடி, ஜன்னலில் நிலா தெரியாதபடி மறைத்த மலையை வாங்கிப் பத்து மைல் தள்ளி வைக்க ஆன செலவு. ஒவ்வொரு முறையும் அந்த வீட்டுக் கணக்கர் ரசீதைப் படித்துவிட்டு மயங்கி விழுவார். ஒரு யென் அப்போது ஏறக்குறைய முப்பது காசு. ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். எனக்கு மயக்கம் வரவில்லை. பெருக்கலை இரண்டாம் முறை சரிபார்த்தேன்.

14-9-1998 அன்று கூடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். வரும் ஏப்ரல் முதல் வண்ணத்தைக் கம்ப்யூட்டரே தீட்டும். தூரிகைப் பிரிவு 31-3-1999 அன்று மூடப்படும். முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கு மட்டும், வீடும் தெருவும் நிலமும் வடிவமைக்கும் பிரிவில் நிரந்தர வேலை. அதற்கு ஒரு பரீட்சை. சயாகோ வீடு ஒரு கதையில் இருப்பதுபோல் மறு கதையில் இல்லை என்று டோக்கியோவில் குறைப்பட்டிருந்தார்கள். வந்துவிட்ட பன்னிரண்டு கதைகளோடும் ஒத்துப்போகும்படி, அந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் முழு வரைபடம் போட வேண்டும். கடைசி நாள் நவம்பர் 30.

அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை, ரோஸ்லின் மூன்று நாள் விடுப்பில் ஊருக்கு வந்தாள். கையில் இரண்டு வீடியோ கேசட். கேபிள் டி.வி. நடத்தும் ஃபாஜில் தன் டெக்கை என் வீட்டில் கொண்டுவந்து வைத்து, தானும் உட்கார்ந்துவிட்டான். பேச்சு ஜப்பானிய மொழியில். கூடத்தில் கொடுத்த ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து ரோஸ்லின் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா இல்லியா?" என்று விண்ணரசி கேட்டார்.

"இருக்காங்கம்மா. அப்பா வெளிநாட்டுல. போன்ல மட்டும்தான் வருவார்."

"அப்ப நம்ம வீடுதான்" என்றார் விண்ணரசி.

"இவ்ளோ காசு வெச்சிருக்கா, கேபிள் கனெக்ஷன் எத்தன எடுத்திருப்பா?" என்றான் ஃபாஜில்.

மறுநாள் காலை என் சாப்பாட்டு மேசையில் வேலை ஆரம்பமானது.

"சார், கேட்டுலேர்ந்து வாசப்படிக்குக் கார் நாப்பது நிமிஷம் போவுது. அப்ப எவ்ளோ தூரம்?"

"என்ன வேகம்?"

"மெதுவாத்தான். டிரைவர் வெள்ள கிளவுஸ் போட்டிருக்கார்."

"மணிக்கு முப்பது கிலோமீட்டர்னு வெச்சுக்க. இருபது கிலோமீட்டர் தூரம்."

"இங்கேர்ந்து கெளம்புனா கிட்டத்தட்டக் கும்பகோணமே வந்துடுமே" என்றார் விண்ணரசி. "பால்காரன் எப்படிப் போவான்?"

சிக்கல் அதுவல்ல. ஒன்பதாவது கதையில் சயாகோ வீட்டுச் செருப்போடு மூன்றே நிமிடத்தில் கேட்டுக்கு ஓடி வருகிறாள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்று நான் சொன்னேன். ரோஸ்லின் பென்சிலை வைத்துவிட்டுச் சற்று நேரம் எங்கள் வீட்டுப் பின்கதவைப் பார்த்தாள்.

"அது கொல்லவாசல் சார். எவ்ளோ பெரிய வீடா இருந்தா என்ன, கொல்லவாசல் இல்லாமயா இருக்கும்?"

அதன்படி வீட்டை நிலத்தின் ஒரு கோடியில் வைத்தாள். நீளம் இருபது கிலோமீட்டர், அகலம் ஆறு. 4,448 வேலி, அதாவது ஏறக்குறைய முப்பதாயிரம் ஏக்கர் என்று கணக்குச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் நூறு வேலி உள்ளவரே பெரிய மிராசு.

"அங்கல்லாம் உச்சவரம்புச் சட்டம் கெடையாதா சார்?" என்றான் ஃபாஜில், டெக்கை எடுத்துப்போக வந்தவன்.

"சமையக்காரம்மா பேர்லயும் கணக்குப்புள்ள பேர்லயும் எழுதி வெச்சிருப்பாங்க" என்றார் விண்ணரசி. "அதான் அந்தாளு மயக்கம் போட்டு வுழுவுறார்."

அக்டோபர் 18 அன்று ஜேசுராஜ் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார்.

"வேல போகப்போவுது, ஊருக்கு வந்து டீச்சர் டிரெயினிங் சேருன்னு சொன்னா, கார்ட்டூனுக்கு வாய்க்கா வெட்டிக்கிட்டு இருக்காளாம். நீங்க வேற கூடச் சேந்து சங்கிலி புடிக்கிறீங்களாம்."

"உங்க முதலாளி தோட்டத்துக்குத் தினம் எத்தனை லாரித் தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டேன்.

"பதினாலு. ஒவ்வொண்ணும் பத்தாயிரம் லிட்டர். ஏன் சார்?"

"தோட்டம் எவ்வளவு?"

"நம்ம ஸ்கூல் கிரவுண்டு ரெண்டு இருக்கும். சார், டீச்சர் டிரெயினிங். அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். ரோஸ்லினிடம் இரண்டையும் சொன்னேன். லாரிக் கணக்கை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். அந்த அளவுக்கு 4,448 வேலிக்கு லாரி கட்டாது, ஆறுதான் வேண்டும் என்று முடிவு செய்தாள். மேற்கே ஆறு நுழைந்தது. அதற்குத் தலைமதகு, அதிலிருந்து வாய்க்கால், கிளை வாய்க்கால். ஒவ்வொரு பாதைக்கும் பின்னால் வடிகால். எல்லாம் போய்ச் சேருவது கிழக்கே கடலில். எந்த இடம் எவ்வளவு உயரம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அம்புக்குறியோடு மட்டங்கள் நான் போட்டுக் கொடுத்தேன். இருபத்தைந்து தாள்கள் 26-11-1998 அன்று டோக்கியோவுக்குப் போயின.

டிசம்பர் 9, புதன்கிழமை மதியம் 1.10க்குத் தொலைபேசி அடித்தது. அந்தப் பேச்சுக்கு வடபழனி பூத்தில் அவள் கட்டியதுதான் 37 ரூபாய்.

"சார், படம் திரும்பி வந்துடுச்சு. கடல் மேக்கால இருக்கணுமாம்."

"எந்தக் கடல்?"

"சயாகோ வீட்டுக் கடல். மூணாவது, ஏழாவது, பதினொண்ணாவது கதையில மாடியில நின்னு சூரியன் கடல்ல மறையறதப் பாக்குறா. நம்ம படத்துல கடல் கெழக்க இருக்கு. எப்படி மறையும்?"

அந்தச் சூரியனை நானும் என் வீட்டு டி.வி.யில் பார்த்தவன். பன்னிரண்டு கதைகளையும் நிமிடக் கணக்கோடு பட்டியல் போட்டவன். முப்பத்து நான்கு வருடம் திசைகாட்டியோடு நடந்த எனக்கு, ஆறு மேற்கிலிருந்து வரும், கடல் கிழக்கே இருக்கும் என்பது பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயமாக இருக்கவேயில்லை.

"என் தப்பும்மா" என்றேன்.

"நானும்தான சார் வரைஞ்சேன். அதெல்லாம் பேச நேரமில்ல. டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க."

"தாளத் திருப்பிப் போட்டு நகல் எடுத்துடு. மேற்கு கிழக்காயிடும்."

"ஆவாது சார். வீடும் சேந்து திரும்பிடும். எட்டாவது கதையில மாடிப்படி வலப்பக்கம். அஞ்சாவது கதையில சாப்பாட்டு ரூம்ல காலை வெயில் விழுது. வீடு அப்படியே நிக்கணும், நெலம் மட்டும் திரும்பணும். இருவத்தஞ்சும் புதுசாத்தான் போடணும். எனக்கு மட்டம் மட்டும் போட்டு அனுப்புங்க."

பகலில் கூடத்தில் வண்ண வேலை ஆறு மணி வரை. விடுதியில் சாப்பாட்டு மேசை காலை நாலரை முதல் எட்டு வரை காலியாக இருக்கும். அந்த மூன்றரை மணி நேரத்தைத் தனக்கென்று எழுதி வாங்கினாள். கூடத்தில் கூட வேலை செய்யும் அறைத்தோழி பிரின்ஸி குளச்சல்காரி. கடலில் சூரியன் மறைவதைப் பார்த்து வளர்ந்தவள். ஒவ்வொரு தாள் முடிந்ததும் பிரின்ஸியை எழுப்பி, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்பாளாம். பிரின்ஸி ஒரு கண்ணை மட்டும் திறந்து கையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாளாம். கை மேற்கே காட்டினால் தாள் சரி.

இங்கே நான் மட்டம் போட்டேன். மூன்று முறை போட்டும் அம்புக்குறி கிழக்கேதான் போனது. நான்காம் முறை நாற்காலியை மேசைக்கு எதிர்ப்புறம் தூக்கிப் போட்டு உட்கார்ந்து போட்டேன். 18ஆம் தேதி தபாலில் சேர்த்தேன். 21ஆம் தேதி ரோஸ்லினிடமிருந்து ஒரு உறை வந்தது. என் தபாலுக்குக் காத்திராமல் தானே எல்லா மட்டத்தையும் போட்டு, ஒரு நகல் அனுப்பியிருந்தாள். வரி வரியாகச் சரிபார்த்தேன். பிழை இல்லை. 24ஆம் தேதி என் ஏழாம் தாள் மட்டும் திரும்பி வந்தது. அதில் ஒரு அம்புக்குறியைப் பென்சிலால் வட்டமிட்டு எழுதியிருந்தாள்: "சார், இது நம்ம ஊர்த் தண்ணி. ஊருக்கே அனுப்பிட்டேன்."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வரவில்லை. விண்ணரசி பஸ்ஸில் அச்சுமுறுக்கு கொடுத்தனுப்பினார். கோயில் நாடகத்துக்குப் பழைய திரையையே கட்டினார்கள். டிசம்பர் 30, புதன்கிழமை, இருபத்தைந்து தாள்கள் மறுபடி டோக்கியோவுக்குப் போயின.

பதில் வீட்டு முகவரிக்குத் தபாலில் வரும் என்றார்கள். 26-2-1999 அன்று முதல் கடிதம் வந்தது. தூரிகைப் பிரிவில் எல்லோருக்கும் போன அதே அச்சுக் கடிதம்: மார்ச் 31ஓடு வேலை முடிகிறது. விண்ணரசி அதை மடித்து பைபிளுக்குள் வைத்தார். ஜேசுராஜ் கூப்பிட்டு, டீச்சர் டிரெயினிங் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி கேட்டார். நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் ரோஸ்லினும் கூப்பிட்டாள்.

"பொட்டி கட்டிட்டியாம்மா?" என்று விண்ணரசி கேட்டார்.

"இல்லம்மா. இது செருப்புக்குப் பெயிண்ட் அடிச்ச வேலைக்கு வந்த லெட்டர். படத்துக்கு இன்னும் லெட்டர் வரல. அது வர்ற வரைக்கும் நான் வேலைக்குப் போய்க்கிட்டுதான் இருப்பேன்."

"வரலன்னா?"

"முப்பத்தொண்ணாந்தேதி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வேலைல இருப்பேன்."

மார்ச்சில் கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. 10ஆம் தேதி முப்பத்தொரு பேர். 20ஆம் தேதி பதினாறு பேர். 24ஆம் தேதி பிரின்ஸி ஊருக்குப் போய்விட்டாள். அதன்பின் இரண்டு நாளும் ரோஸ்லின் நேரத்துக்குப் போய், ஒரே மேசையில் உட்கார்ந்து, சயாகோவின் கடைசிச் செருப்புகளைத் தீட்டினாள். அவை கருஞ்சிவப்பு.

அவள் சனிக்கிழமைதோறும் காலை பதினொன்றுக்குக் கூப்பிடுவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை தபால்காரர் 10.40க்கு வந்தார். விண்ணரசி உறையைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு என் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் எடுத்து, கடிதம் வந்திருப்பதைச் சொன்னேன்.

"நீங்களே பிரிச்சுப் படிங்க சார்" என்றாள்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இடங்களை வடிவமைக்கும் பிரிவில் ஏப்ரல் 1 முதல் நிரந்தர வேலை. சம்பளம் ரூ. 4,200. அடுத்த தொடரின் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் வரும். பின்குறிப்பாக டோக்கியோவிலிருந்து ஒரு கேள்வி: ஒவ்வொரு பாதைக்குப் பின்னாலும் மெல்லிய நீலக் கோடு ஓடுகிறதே, கதையில் எங்கும் வராத அந்தக் கோடுகள் எதற்கு? காரணம் எழுதி அனுப்பினால் அவற்றையும் அப்படியே வைத்துக்கொள்கிறோம்.

விண்ணரசி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிகால் சார்" என்றாள் ரோஸ்லின். "எவ்ளோ பணக்காரியா இருந்தாலும், வந்த தண்ணி போவணும்ல? இன்னிக்கே எழுதிப் போட்டுடறேன். அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். பிறகு நோட்டை எடுத்து, கடைசிக் கடிதம் வந்த தேதியை எழுதினேன்: 27-3-1999, சனிக்கிழமை.