ஆறிப்போன மீன் குழம்பு

புதுச்சேரியில் மீன் சாப்பாட்டுக்குப் பேர்போன அந்தச் சின்னக் கடையில் மதிய நேரத்தில் இடம் கிடைத்ததே பெரிது. எதிரே, இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையில் ஒரு பெரியவர். அவர் இலையில் சோற்றிலும் குழம்பிலும் ஆவி பறந்தது. எனக்கு இன்னும் பரிமாறவில்லை. அவரோ கையை மடியில் வைத்துக்கொண்டு என் வெற்று இலையையே பார்த்தார். பசி எரிச்சலில், "சாப்புடாம என் இலைய என்ன பாக்குறீங்க?" என்று சீறிவிட்டேன்.

"உங்களுக்கும் வந்துடட்டும்னுதான் தம்பி. ஒரே மேசையில உக்காந்துட்டு நான் மட்டும் எப்புடி சாப்புடுறது?"

எனக்கும் சோறு வந்தது. "பொன் அப்பெத்தி" என்று பிரெஞ்சில் என்னை நன்றாகச் சாப்பிடச் சொல்லிவிட்டு, ஆறிய குழம்பைப் பிசைந்தார்.

எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு அந்தக் கடையைத்தான் சொல்கிறேன். நான்தான் மறுபடி போகவில்லை.